சிரித்தபின் எண்ணிப் பார்ப்போம்: ‘பாமா விஜயம்’ உணர்த்தும் குடும்பப் பாடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இந்த ஆண்டு விழாவில் நயம் பாராட்டும் சொற்பொழிவு ஒன்றை நிகழ்த்துமாறு சங்கத்தார் எனக்குப் பணித்தனர். நயம் பாராட்டல் என்றவுடன் காப்பியங்களையும் சிற்றிலக்கியங்களையும் எடுத்துக்கொள்வதே வழக்கம். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பதோ ஒரு நகைச்சுவைத் திரைப்படம். ‘படத்தைப் பற்றிப் பேசவா மேடை போட்டோம்?’ என்று எவரேனும் நினைத்தால் அவர்கள்மீது எனக்கு வருத்தம் இல்லை. தொல்காப்பியனார் மெய்ப்பாடுகள் எட்டையும் எண்ணத் தொடங்கியபோது நகையைத்தான் முதலில் வைத்தார் என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். அழுகைக்கும் பெருமிதத்திற்கும் முன்னால் சிரிப்புக்கு இடம் கொடுத்த மொழி நம் மொழி. அந்தச் சிரிப்பு பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் அவர் வகுத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. இந்நான்கும் ஒருங்கே அமைந்த படம் எது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் ‘பாமா விஜயம்’ என்பேன்.

தமிழ்த் திரையில் நகைச்சுவைக்கு நீண்ட மரபு உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் மேடைக்கு எழுதிய ‘சபாபதி’ 1941-இல் படமாக வந்து நாட்டைச் சிரிக்க வைத்தது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், அறிஞர் அண்ணாவின் எழுத்தில் 1949-இல் உருவான ‘நல்லதம்பி’யின் வாயிலாக மதுவிலக்கைச் சிரிப்போடு சேர்த்து ஊட்டினார். 1964-இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் கதை சொல்ல, பாலையா அதைக் கேட்டு நடுங்கும் காட்சியை இன்றும் குழந்தைகள் கேட்டுக் கேட்டுச் சிரிக்கின்றனர். இவ்வரிசையில் 1967 பிப்ரவரியில் வெளிவந்தது கே. பாலசந்தர் எழுதி இயக்கிய ‘பாமா விஜயம்’. சிரிப்பில் அது முன்னவற்றிற்குச் சற்றும் குறைந்ததன்று. ஆனால் படம் முடிந்து வீடு திரும்பியபின், சிரித்தவரைத் தம் வீட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கச் செய்ததில் அது முன்னவற்றினும் ஒரு படி மேலானது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிராஜ் என்னும் பெரியவருக்கு மூன்று மக்கள். மூத்தவர் மகேசுவரன், அவர் மனைவி பார்வதி. அடுத்தவர் ராமன், அவர் மனைவி சீதா. இளையவர் கிருஷ்ணன், அவர் மனைவி ருக்மணி. பாலையா தந்தையாகவும், மேஜர் சுந்தரராஜன், முத்துராமன், நாகேஷ் ஆகியோர் மக்களாகவும், சௌகார் ஜானகி, காஞ்சனா, ஜெயந்தி ஆகியோர் மருமக்களாகவும் நடித்துள்ளனர். அளவான வருவாய், அளவான செலவு, கூட்டுக் குடும்பம் என்று அமைதியாகப் போய்க்கொண்டிருந்த அவ்வீட்டின் பக்கத்து வீட்டிற்குப் பாமா என்னும் புகழ்பெற்ற திரைப்பட நடிகை குடிவருகிறார். அந்த வேடம் ராஜஸ்ரீயுடையது. அவ்வளவுதான். நடிகையோடு பழக வேண்டும், அவர் கண்ணுக்கு நாமும் பெரிய மனிதராகத் தோன்ற வேண்டும் என்னும் ஆசை மூன்று மருமக்களையும் பற்றிக்கொள்கிறது. நடிகை நம் வீட்டுக்கு வரும்போது வீடு வீடாக இருந்தால் போதுமா? மாளிகையாக அல்லவா இருக்க வேண்டும்! வரவேற்பறைக்குப் புதுப் பொருள்கள் வருகின்றன. அவற்றைத் தொடர்ந்து கடன் வருகிறது. கடனைத் தொடர்ந்து கலகம் வருகிறது. போதாக்குறைக்கு, பாமாவுக்கும் அவ்வீட்டு ஆண்மக்களுள் ஒருவருக்கும் தொடர்பு என்றோர் ஐயம் எழுகிறது. அந்த ஒருவர் யார் என்பது தெரியாமையால் மூவரும் தத்தம் கணவரை ஐயுறுகின்றனர். முடிச்சு எப்படி அவிழ்கிறது என்பதைப் படம் பார்க்காத இளைஞர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன்.

இப்போது பெயர்களின் அழகைப் பாருங்கள். மகேசுவரனுக்குப் பார்வதி, ராமனுக்குச் சீதை, கிருஷ்ணனுக்கு ருக்மணி. புராணப் பொருத்தம் பத்தும் சரியாக அமைந்த வீடு! அந்த வீட்டுக்குப் பக்கத்தில் ‘பாமா’ வந்தால் என்ன ஆகும்? புராணம் அறிந்த எவரும் முதலில் ருக்மணிக்காகத்தானே கவலைப்படுவர்! ஒரு வசனமும் பேசப்படுவதற்கு முன்னரே, பெயரிட்ட அளவில் ஒரு நகைச்சுவையை அமைத்துவிட்டார் ஆசிரியர். படத்தின் தலைப்பும் அத்தகையதே. 1934-இல் இதே பெயரில் ஒரு புராணப் படம் வந்தது. இசைமேதை ஜி. என். பாலசுப்பிரமணியம் நடித்த படம் அது. ‘விஜயம்’ என்னும் வடசொல்லுக்கு வெற்றி என்பது பொருள். தமிழில் நாம் அதனை வருகை என்ற பொருளிலும் வழங்குகிறோம். பாமாவின் வருகை யாருக்கு வெற்றி, யாருக்குத் தோல்வி என்று கேட்பதுதான் கதை.

இனித் தொல்காப்பியர் சொன்ன நான்கிற்கு வருவோம். பொய்ப்பெருமையைப் படம் எள்ளுகிறது; அஃது எள்ளல். நாகேஷும் ஜெயந்தியும் இளைய இணையராக வந்து அடிக்கும் கூத்தில் இளமை இருக்கிறது. பொருளை வாங்கிக் குவித்தால் பெருமையும் கூடவே வந்துவிடும் என்று நம்புவது பேதைமை. பிறர் சொன்னதைப் பற்றிக்கொண்டு விடாப்பிடியாக நிற்பது மடன். கணவர்மீது கொள்ளும் ஐயத்தில் அதனைக் காணலாம். இவற்றுள் எள்ளல் எளிது, எவரும் செய்வர். பேதைமையைக் காட்டும்போது அந்தப் பேதையின்மீது வெறுப்பு வாராமல் காப்பதுதான் அரிது. மூன்று மருமக்களையும் பார்த்துச் சிரிக்கிறோமே அன்றி, அவர்களுள் ஒருவரையும் நாம் வெறுப்பதில்லை. அவர்கள் தீயவர் அல்லர், நம்மைப் போன்றவர்கள். இதுவே இப்படத்தின் உயிர்நாடி.

நடிப்பில் முதலிடம் பாலையாவுக்குத்தான். 1936-இல் வந்த ‘சதி லீலாவதி’யில் வில்லனாகத் திரைக்கு வந்தவர் அவர். முப்பது ஆண்டுகளுக்குப் பின், மக்களின் ஆட்டத்தைக் கண்டு புழுங்கும் தந்தையாக நிற்கும்போது, அதட்டலும் அன்பும் ஒரே குரலில் ஒலிக்கின்றன. நாகேஷைப் பற்றி நமக்குச் சொல்லவும் வேண்டுமா? நமக்கு அண்மையில் உள்ள தாராபுரத்து மண் அவர். ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்த்தவர். மாதச் சம்பளக்காரனின் மனப்போக்கை அவர் கண்ணும் கையும் காலும் அறிந்திருந்தன என்பதில் வியப்பில்லை. சௌகார் ஜானகிக்கு அந்த அடைமொழி 1950-இல் வெளிவந்த ‘ஷாவுகாரு’ என்னும் தெலுங்குப் படத்தால் வந்தது. சௌகார் என்றால் வட்டிக்குப் பணம் கொடுக்கும் செல்வர். கடன் வாங்கித் தவிக்கும் வீட்டின் மூத்த மருமகளாகச் சௌகாரே வந்து நிற்கிறார் என்பது தற்செயலாக நேர்ந்த ஒரு நகைச்சுவை!

பாலசந்தர் யார்? தஞ்சைத் தரணியில் நன்னிலத்தை அடுத்த சிற்றூரில் 1930-இல் பிறந்தவர். சென்னையில் மாநிலக் கணக்காயர் அலுவலகத்தில் பணியாற்றியவர். பகலில் அரசின் வரவு செலவைச் சரிபார்த்தார். மாலையில் நாடகம் எழுதினார். 1965-இல் ‘நீர்க்குமிழி’யை இயக்கித் திரைக்கு வந்தார். வரவுப் பக்கத்தையும் செலவுப் பக்கத்தையும் ஆண்டுக்கணக்காக ஒப்பிட்டுப் பார்த்த கண்களுக்கு, கூட்டினால் ஒத்துவராத ஒரு குடும்பம் எவ்வளவு பெரிய நாடகம் என்பது தெரிந்திருக்கும். படத்தில் குடும்பம் முழுவதும் கூடிப் பாடும் கண்ணதாசன் பாட்டு ஒன்று வருகிறது, இசை விசுவநாதனுடையது. வரவை மிஞ்சிய செலவை அணாக் கணக்கில் சொல்லும் பாட்டு அது. நம் நாட்டில் 1957 ஏப்ரலிலேயே அணா போய் நயா பைசா வந்துவிட்டது. பத்தாண்டு கழித்து வந்த படத்தில் அணாவைப் பாடினார்கள், மக்களும் ஏற்றுக்கொண்டனர். நாணயம் மாறினாலும் கணக்கு மாறவில்லை அல்லவா? 1968-இல் இக்கதை தெலுங்கில் ‘பலே கோடள்ளு’ என்றும், இந்தியில் ‘தீன் பஹுரானியா(ன்)’ என்றும் சென்றது. பாலையா நின்ற இடத்தில் இந்தியில் பிருதிவிராஜ் கபூர் நின்றார். அடுத்த வீட்டைப் பார்த்து ஏங்கும் நோய் மொழி எல்லை அறியாதது.

உலக எல்லையும் அறியாதது என்றே சொல்லலாம். அமெரிக்காவில் 1913-ஆம் ஆண்டு தொடங்கி நாளிதழில் ஒரு கேலிச்சித்திரத் தொடர் வந்தது. அடுத்த வீட்டு ஜோன்ஸ் குடும்பத்தாருக்கு நிகராக வாழ முயன்று அல்லற்படும் ஒரு குடும்பத்தின் கதை. அத்தொடரில் ஒரு நுட்பம் உண்டு. அந்த ஜோன்ஸ் குடும்பத்தார் படத்தில் ஒருநாளும் தோன்றுவதே இல்லை! யாரைப் பார்த்து ஏங்குகிறோமோ அவரை நாம் உண்மையில் பார்த்ததே இல்லை என்பது அதன் குறிப்பு. பாலசந்தர் இதனை வேறொரு வழியில் சொல்கிறார். அவர் பாமாவை நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறார். அந்தப் பாமா ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ‘உங்கள் வீட்டில் சோபா இல்லையா?’ என்று எவரையும் இழிவுபடுத்தவில்லை. குடும்பத்தார் கடன்பட்டது பாமாவுக்காக அன்று. தம் உள்ளத்தில் தாமே படைத்துக்கொண்ட வேறொரு பாமாவுக்காக.

இப்படத்தின்மேல் ஒரு குறையும் கூறவேண்டும். நயம் பாராட்டுவோன் குறையை மறைத்தல் அறமன்று. ஆடம்பர ஆசை பெண்களிடமே பிறப்பதாகவும், ஆண்கள் அதற்கு இரையாவதாகவும் கதை பெரிதும் நடக்கிறது. அக்காலத் திரையின் பழக்கம் அது. நம் காலனியில் நடப்பதை நேர்மையாக எண்ணிப் பாருங்கள். புடவைக்காகப் பட்ட கடன் மிகுதியா, மோட்டார் வண்டிக்காகப் பட்ட கடன் மிகுதியா? கழுத்துச் சங்கிலியை அடகுக் கடையில் கழற்றி வைத்துக் கணவரின் தவணையைக் கட்டிய தாய்மார்கள் இந்த அவையில் ஒருவரும் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? ஆகவே, படத்தைப் பார்க்கும் ஆடவர் அடுத்திருக்கும் மனைவியைப் பார்த்துச் சிரிப்பதை விட்டுத் தம்மையும் பார்த்துச் சிரித்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

வள்ளுவர் இதனை எங்கே வைத்தார் என்பது பெரிதும் சிந்திக்கத்தக்கது. வருவாய் சிறிதாயினும் செலவு அதனை மிஞ்சாவிட்டால் கேடில்லை என்றும், தன் அளவறியாது வாழ்பவனின் வாழ்க்கை இருப்பது போலத் தோன்றிக் கெடும் என்றும் அவர் கூறுவது வலியறிதல் என்னும் அதிகாரத்தில். படையெடுக்கும் அரசன் தன் வலிமையை அறிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் அது. வீட்டுச் செலவை அறிவதும் வலிமையை அறிவதே என்பது குறிப்பு. அதே அதிகாரத்தில்தான் மயிற்பீலி ஏற்றிய வண்டியின் உவமையும் வருகிறது. மயிலிறகு எவ்வளவு மெல்லியது! ஆயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும். இந்த உவமையை வாளையார்க்காரராகிய நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பாரமேற்றிய லாரிகள் இரவும் பகலும் நம் வழியே கணவாயைக் கடக்கின்றன. வண்டி எவ்வளவு புதியதாயினும், அச்சுக்குத் தாங்கும் எடை இவ்வளவுதான் என்பது ஒவ்வோர் ஓட்டுநருக்கும் தெரியும். நம் வீட்டு வண்டியின் அச்சு தாங்கும் எடை நமக்குத் தெரியுமா?

இன்றைய மயிலிறகு மாதத் தவணை. ‘மாதம் 2,000 ரூபாய்தானே’ என்கிறோம். இவ்வாறு ஐந்து பொருளுக்குத் தவணை கட்டினால் 10,000 ரூபாய். சம்பளம் 30,000 ரூபாயாயின் மூன்றில் ஒரு பங்கு அரிசி வாங்கும் முன்னரே போய்விடுகிறது. வட்டியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 60,000 ரூபாய் கடன், ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி, பன்னிரண்டு தவணை என்கிறார்கள். வட்டி 7,200 ரூபாய். மாதம் 5,600 ரூபாய் கட்ட வேண்டும். 12 விழுக்காடு என்று கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் முதல் மாதத்திலிருந்தே அசலைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுத்துவருகிறோம் அல்லவா? 60,000 ரூபாயும் ஆண்டு முழுவதும் நம் கையில் இருப்பதில்லை. ஆனால் வட்டியோ முழுத் தொகைக்கும் முழு ஆண்டுக்கும் போடப்படுகிறது. குறைந்துவரும் அசலின்மேல் கணக்கிட்டால், உண்மை வட்டி 21 விழுக்காட்டையும் தாண்டுகிறது. எனவே கடன் வாங்குவோர், ‘வட்டி முழு அசலுக்கா, குறையும் அசலுக்கா?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் கையொப்பமிடலாகாது.

கடனுக்கும் நமக்கும் பழைய உறவு ஒன்றும் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை இந்தப் பாலக்காட்டுப் பகுதி சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதன்பின் வாளையார் எல்லையாயிற்று. 1984-இல் இங்குள்ள சிமெண்டு ஆலையில் உற்பத்தி தொடங்கியது. கஞ்சிக்கோட்டில் தொழிற்கூடங்கள் பெருகின. வேலை தேடி எல்லை கடந்தோம். ஆனால் நமக்கு மிகமுன்னரே, போடி வழியாக இடுக்கி மலைகளின் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறிச் சென்ற தமிழர்களின் நிலை வேறு. கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலையேறினார்கள். அந்த முன்பணம் கூலியில் கழிந்துகொண்டே இருந்தது. ஆனால் எளிதில் தீரவில்லை. கடன் தீராதவன் ஊர் திரும்ப முடியாது. பசியினால் பட்ட கடன் அவர்களைக் கட்டிப்போட்டது. பசியின்றி, பகட்டுக்காக நாமே விரும்பிப் படும் கடனும் அவ்வாறே கட்டிப்போடும். ஊரில் தாய் தந்தையர் தளர்ந்து கிடக்கும்போது, ‘தவணை இருக்கிறது, விடுப்பு எடுக்க முடியாது’ என்று சொல்ல நேர்ந்தால், நம் கையில் இருப்பதும் ஒரு முன்பணச் சீட்டுத்தான்.

காலனி வாழ்க்கையில் இந்நோய்க்கு இடம் மிகுதி. ஒரே அளவான வீடுகள், சுவரோடு சுவர், ஏறத்தாழ ஒரே சம்பளம். அடுத்த வீட்டில் ஆணி அடித்தால் நம் வீட்டுப் படம் ஆடும். ‘அவர்களால் முடிகிறதென்றால் நம்மால் ஏன் முடியாது?’ என்னும் கேள்வி இங்குத்தான் மிக எளிதில் பிறக்கிறது. இதுவும் போதாதென்று, இன்றைய பாமா அடுத்த வீட்டுக்குக் குடிவர வேண்டிய தேவையும் இல்லை. கைப்பேசியைத் திறந்தால் ஆயிரம் பாமாக்கள் வரவேற்பறைக்குள் வந்துவிடுகின்றனர். அவர்கள் உடுத்துவதும் உண்பதும் உலாச் செல்வதும் படமாக வருகின்றன; அவர்கள் பட்ட கடன் மட்டும் படத்தில் வருவதில்லை. அதே கைப்பேசியிலேயே, ‘பத்து நிமிடத்தில் கடன்’ என்றும் அழைக்கிறார்கள். ஆசை மூட்டுவதும் கடன் கொடுப்பதும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்ட காலம் இது. 1967-இல் எதிராஜின் மருமக்களுக்குக் கடைக்குச் சென்று வரும் நேரமாவது எண்ணிப் பார்க்கக் கிடைத்திருக்கும். நமக்கு அந்த நேரமும் இல்லை.

அப்படியானால் ஒன்றையும் வாங்காமல் துறவு பூணுவதா? அன்று. குளிர்ப்பெட்டி தாயின் உழைப்பைக் குறைக்கிறது. இருசக்கர வண்டி வேலைக்குச் செல்ல உதவுகிறது. கணினி பிள்ளையின் படிப்புக்கு வேண்டியிருக்கிறது. இவை ஆடம்பரம் ஆகா. ‘இப்பொருள் எனக்குப் பயன்படுமா? அல்லது, பிறர் பார்ப்பதற்குப் பயன்படுமா?’ என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும். விடை தானே வரும்.

இவ்வளவு பேசியபின், செய்யத்தக்கது ஒன்றுமில்லாமல் போகலாகாது. மூன்று கருத்துகளைச் சங்கத்தாரின் முன்வைக்கிறேன். முதலாவது, மாதத்தின் முதல் ஞாயிறன்று கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து வரவு செலவு எழுதுதல். பிள்ளைகளுக்குச் சம்பளம் இவ்வளவு என்று தெரிவதில் இழிவில்லை. தெரியாமல் வளர்வதில்தான் இடர் இருக்கிறது. இரண்டாவது, காதணி விழா, பிறந்த நாள், வளைகாப்பு முதலியவற்றிற்கு வேண்டிய பாத்திரம், நாற்காலி, விளக்கு ஆகியவற்றைச் சங்கமே வாங்கி வைத்து உறுப்பினர்க்குக் கொடுத்துதவுதல். எல்லா வீட்டு விழாவிலும் ஒரே விளக்கு எரிந்தால் எந்த வீட்டு விளக்குப் பெரிது என்ற போட்டிக்கு இடம் ஏது? மூன்றாவது, ஓணத்துக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட நாள்களில் ஒருநாள் இந்தப் படத்தைச் சங்க மண்டபத்தில் அனைவரும் கூடிப் பார்த்தல். விழாக்காலப் பணம் கைக்கு வந்து, செலவாகாமல் இருக்கும் ஓரிரு நாள்களில் அதனைப் பார்ப்பது மிகவும் பொருத்தம்!

அன்பர்களே! பாமா விஜயத்தில் அக்குடும்பத்தைத் தாங்கி நிற்பது எது? அவர்கள் வாங்கிய பொருள் ஒன்றும் அவர்களைத் தாங்கவில்லை. ஒரு கூரையின்கீழ் ஒருவரையொருவர் விட்டுப் பிரியாமல் இருந்தார்களே, அந்த ஒற்றுமைதான் தாங்கிற்று. பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கும் அதைவிடப் பெரிய செல்வம் வேறில்லை. அடுத்த வீட்டார் நமக்குக் கண்ணாடி அல்லர். நம் அழகைக் காட்டுவதற்கு அவர்கள்முன் நிற்க வேண்டியதில்லை. அவர்கள் உறவினர். இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் நாம் தட்டும் முதற்கதவு அவர்களுடையது. நம் வரவேற்பறை எவ்வாறு இருக்கிறது என்று அந்த நேரத்தில் அவர்கள் பார்ப்பதில்லை.

இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் படத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். வயிறு குலுங்கச் சிரியுங்கள். சிரித்து ஓய்ந்தபின் கணக்குப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் எழுதுங்கள். பாலசந்தருக்கும் பாலையாவுக்கும் நாகேஷுக்கும் நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.